இடைவெளி அறிந்த நினைவகம்

நுழையும்முன்

கணினியின் நினைவகம் ஒன்றன்பின் ஒன்றாக எண்ணிடப்பட்ட அறைகளின் வரிசை என்று தொடக்க வகுப்புகளில் படித்திருக்கிறோம். அவ்வரிசை நடுவே அறுபட்டிருந்தால் என்ன ஆகும்? பழைய செயலிகள் பலவற்றில் அது உண்மையாகவே அறுபட்டிருந்தது. இல்லாத நினைவகத்துக்குக் கணக்கு எழுதி, இருக்கும் நினைவகத்தை இழந்துவிடாமல் இயக்க அமைப்பு எவ்வாறு காத்துக்கொண்டது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

விடுதிப் பதிவேடு

ஒரு மாணவர் விடுதியில் நான்கு கட்டடங்கள் இருப்பதாகக் கொள்வோம். கட்டடத்துக்கு 60 அறைகள். முதற்கட்டடத்தின் அறை எண்கள் 1 முதல் 60 வரை. இரண்டாவதில் 1001 முதல் 1060 வரை. மூன்றாவதில் 2001 முதல் 2060 வரை. நான்காவதில் 3001 முதல் 3060 வரை. விடுதிக் காப்பாளர் எண்ணுக்கு ஒரு வரி வீதம் 3060 வரிகள் கொண்ட பதிவேட்டை எழுதினால், எந்த அறையைப் பற்றிக் கேட்டாலும் அந்த எண்ணுள்ள வரியை நேரே பார்த்துவிடலாம். ஆயின், உள்ள அறைகள் 240. எழுதிய வரிகளோ 3060. எஞ்சிய 2820 வரிகளும் இல்லாத அறைகளுக்கானவை. அப்பதிவேட்டையும் விடுதியின் அறைகளுக்குள்ளேயே வைக்கவேண்டும் எனில், மாணவர் தங்கவேண்டிய அறைகளைப் பதிவேடே அடைத்துக்கொள்ளும்.

இயக்க அமைப்பின் மையப் பகுதியாகிய உட்கருவும் இதே இக்கட்டில்தான் நின்றது.

பக்கங்களும் பக்கக் குறிப்புகளும்

உட்கரு, முதன்மை நினைவகத்தைப் பக்கங்கள் எனப்படும் சம அளவுள்ள கூறுகளாகப் பிரித்துக் கையாள்கிறது. ஒரு பக்கத்தின் அளவு பெரும்பாலும் 4 கிலோபைட். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு சிறு குறிப்பு உண்டு. பக்கம் காலியாக உள்ளதா, எத்தனை பேர் அதைப் பயன்படுத்துகின்றனர் என்பன போன்ற செய்திகள் அக்குறிப்பில் இருக்கும். இக்குறிப்புகளின் தொகுப்பே நினைவகப் பதிவேடு. அதுவும் நினைவகத்திலேயே இடம்பெறுகிறது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். மெய்நிகர் நினைவகம் இருக்கும்போது இடைவெளியைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்? சிதறிக் கிடக்கும் பக்கங்களைப் பயனரின் நிரலுக்குத் தொடர்ச்சியாகக் காட்டுவது மெய்நிகர் நினைவகத்தின் பணி. ஆனால் எந்தப் பக்கத்தை யாருக்குக் கொடுப்பது என்று முடிவுசெய்யும் உட்கரு, மெய்யான பக்கங்களை அறிந்தே ஆகவேண்டும். இல்லாத பக்கத்தைத் தவறுதலாக ஒரு நிரலுக்கு அளித்துவிட்டால், அதில் எழுதிய தரவு காணாமற்போகும். அல்லது கணினியே நின்றுவிடும்.

வரிசை ஏன் அறுபடுகிறது?

டிஜிட்டல் எக்யூப்மென்ட் நிறுவனம் 1990களில் உருவாக்கிய ஸ்ட்ராங்ஆர்ம் வகைச் செயலிகளுள் ஒன்று எஸ்ஏ 1100. இவ்வகைச் செயலிகள் பின்னர் இன்டெல் நிறுவனத்தின் கைக்கு மாறின. எஸ்ஏ 1100 நான்கு நினைவகத் தொகுதிகளை ஏற்கும். அவற்றின் தொடக்க முகவரிகள் முறையே 3072, 3200, 3328, 3456ஆவது மெகாபைட்டுகளில் நிலையாக அமைந்துள்ளன. அதாவது, தொகுதி ஒவ்வொன்றுக்கும் 128 மெகாபைட் அகலமுள்ள இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. கருவி செய்வோர் அவ்விடத்தில் 8 மெகாபைட் அளவுள்ள சில்லைப் பொருத்தினால், எஞ்சிய 120 மெகாபைட்டும் வெற்றிடமே.

கமோடோர் நிறுவனத்தின் அமிகா கணினிகளில் காரணம் வேறு. மோட்டோரோலா 68000 குடும்பச் செயலிகளைக் கொண்ட அக்கணினிகளில், வரைகலைச் சில்லுகளும் செயலியும் பகிர்ந்துகொள்ளும் நினைவகம் ஓரிடத்திலும், செயலிக்கே உரிய விரைவு நினைவகம் வேறோர் இடத்திலும் அமைந்திருந்தன.

வீணாகும் இடம் எவ்வளவு?

எஸ்ஏ 1100 செயலியின் நான்கு தொகுதிகளிலும் 8 மெகாபைட் வீதம் மொத்தம் 32 மெகாபைட் இருப்பதாகவும், பக்கக் குறிப்பு ஒன்றுக்கு 32 பைட் தேவை எனவும் கொள்வோம். உள்ள பக்கங்கள் 8192. அவற்றின் குறிப்புகளுக்கு 256 கிலோபைட் போதும்.

முதல் தொகுதியின் தொடக்கத்திலிருந்து நான்காம் தொகுதியின் முடிவுவரை ஒரே பதிவேடாக எழுதினால், 392 மெகாபைட் நீளத்துக்கு 1,00,352 குறிப்புகள் வேண்டும். அவை அடைக்கும் இடம் ஏறத்தாழ 3 மெகாபைட். மொத்தம் 32 மெகாபைட் மட்டுமே உள்ள கருவியில் பத்தில் ஒரு பங்கு, இல்லாத பக்கங்களின் கணக்குக்கே போய்விடும்.

முதல் தீர்வு: தொகுதிக்கொரு பதிவேடு

2001ஆம் ஆண்டு வெளிவந்த லினக்ஸ் 2.4 பதிப்பில் இதற்கு வழி இருந்தது. ஒவ்வொரு தொகுதியையும் ஒரு கணுவாகக் கொண்டு, கணுவுக்குத் தனிப் பதிவேடு அமைப்பதே அம்முறை. கட்டடத்துக்கு ஒரு பதிவேடு வைப்பதைப் போன்றது இது. இடம் மிச்சமாயிற்று. ஆனால், ஒரு பக்கத்தின் குறிப்பைத் தேடும்போது, அப்பக்கம் எக்கணுவைச் சேர்ந்தது என்பதை முதலில் கண்டறிய வேண்டும். எஸ்ஏ 1100 செயலியில் இது எளிது. முகவரியின் மேற்பகுதியைப் பார்த்தாலே தொகுதி தெரிந்துவிடும். எல்லாக் கணினிகளிலும் அவ்வாறு அமைவதில்லை. இத்தேடல் நொடிக்குப் பலமுறை நிகழ்வதால், ஒரு படி கூடினாலும் உட்கருவின் வேகம் குறையும். இடத்தைச் சேமிக்க நேரத்தைக் கொடுத்தார்கள்.

இரண்டாம் தீர்வு: துண்டுமுறை

2005ஆம் ஆண்டு லினக்ஸ் 2.6.13 பதிப்பில் மற்றொரு முறை சேர்ந்தது. முகவரிப் பரப்பு முழுவதையும் சம அளவுள்ள துண்டுகளாகப் பிரித்து, நினைவகம் உள்ள துண்டுக்கு மட்டும் பதிவேடு வைப்பது இம்முறை. துண்டுகள் சம அளவினவாதலால், பக்க எண்ணைக் கொண்டே துண்டின் எண்ணைக் கணக்கிட்டுவிடலாம். துண்டின் அளவைத் தெரிவுசெய்வதில் கவனம் தேவை. துண்டு பெரிதானால், சிறிதே நிரம்பிய துண்டுக்கும் முழுப் பதிவேடு எழுத நேரிடும். மிகச் சிறிதானால் துண்டுகளின் பட்டியல் நீளும்.

தெரிந்து தெளிவோம்

நினைவகத்தைப் பக்கங்களாகப் பிரித்துக் கையாளும் முறைக்கு முன்னோடி, இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1962இல் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினி. அதன் ஒரு பக்கம் 512 சொற்களைக் கொண்டது.

விடைபெற்ற முறை, விடுபடாத கணினிகள்

காலப்போக்கில் புதிய கணினிகள் துண்டுமுறைக்கு மாறின. கணுவுக்கொரு பதிவேடு வைக்கும் பழைய முறையைச் சில செயலிகளே பயன்படுத்தின. பயன்படுத்துவோர் குறைந்தால் சோதித்துப் பார்ப்போரும் குறைவர். பிழைகள் வெளிப்படாமலே தங்கிவிடும். உட்கருவில் எந்த மாற்றம் செய்தாலும் அப்பழைய முறைக்கும் சேர்த்தே சிந்திக்கவேண்டிய சுமை, பராமரிப்போர்மீது விழுந்தது. அம்முறையை நீக்கினாலோ, அதை நம்பியிருந்த பழைய கணினிகள் கைவிடப்படும் என்ற நிலை.

இச்சிக்கலுக்கு ஆர்ம் செயலிகளுக்காக முன்பே எழுதப்பட்டிருந்த ஓர் உத்தி துணைநின்றது. தொடக்கத்தில் முழுநீளப் பதிவேட்டை அமைத்துக்கொண்டு, அதில் இல்லாத பக்கங்களுக்குரிய பகுதிகளை மட்டும் பொது நினைவகத்துக்குத் திருப்பித் தந்துவிடுவதே அவ்வுத்தி. காப்பாளர் தம் பதிவேட்டின் வெற்றுத்தாள்களைப் பிரித்தெடுத்து வேறு பயனுக்குக் கொடுப்பதைப் போன்றது இது. பக்க எண்ணின்படி நேரே தேடும் வேகமும் நிலைத்தது, இடமும் வீணாகவில்லை. 2021 பிப்ரவரியில் வெளிவந்த லினக்ஸ் 5.11 பதிப்பில் இவ்வுத்தி மற்றச் செயலிகளுக்கும் பொதுவாக்கப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் வெளிவந்த 5.14 பதிப்பில் கணுமுறை முற்றிலும் நீக்கப்பட்டது. எனினும், மோட்டோரோலா 68000 குடும்பச் செயலிகளுக்கான ஆதரவு லினக்ஸில் தொடர்ந்தது.

பழைய முறை போயிற்று. பழைய கணினி போகவில்லை. ஒன்றை நீக்குமுன் அதை நம்பியிருப்போருக்கு மாற்றுவழி அமைத்துத் தருவது பொறியியல் அறமாகும். உள்ளதை உள்ளவாறும் இல்லாததை இல்லாதவாறும் கணக்கில் கொள்வதே வளத்தைக் காக்கும் வழி என்பதையும் இவ்வரலாறு உணர்த்துகிறது.

மதிப்பீடு

குறுவினா
1. நினைவகப் பதிவேடு என்பது யாது?
2. எஸ்ஏ 1100 செயலியின் நினைவகத்தில் இடைவெளி தோன்றக் காரணம் என்ன?

சிறுவினா
1. மெய்நிகர் நினைவகம் இருந்தும் உட்கரு இடைவெளிகளை அறிந்திருக்க வேண்டியது ஏன்?
2. நான்கு தொகுதிகளிலும் 16 மெகாபைட் வீதம் நினைவகம் இருப்பின், ஒரே பதிவேட்டில் எத்தனை குறிப்புகள் வீணாகும் எனக் கணக்கிடுக.

நெடுவினா
இடத்தைச் சேமித்தல், நேரத்தைச் சேமித்தல், பராமரிப்புச் சுமையைக் குறைத்தல் ஆகிய மூன்றின் அடிப்படையில் கணுமுறையையும் துண்டுமுறையையும் ஒப்பிட்டு எழுதுக.