மார்ஃபின் தரும்போது மருந்தாளுநர் ஏன் இத்தனை கேள்விகள் கேட்கிறார்?

புற்றுநோய் முதலியவற்றால் வரும் கடும் வலிக்கு மருத்துவர் மார்ஃபின் எழுதித் தந்தால், மருந்தகத்தில் சற்றுக் கூடுதல் நேரம் ஆகும். மருந்தாளுநர் சீட்டைச் சரிபார்த்துப் பதிவேட்டில் எழுதுவார். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின்கீழ் வரும் மருந்து ஆதலால், ஒவ்வொரு மாத்திரைக்கும் கணக்கு வேண்டும். அவர் கேட்கும் கேள்விகளோ நோயாளியின் நலனுக்கானவை. ஐயத்தால் எழுந்தவை அல்ல.

“வேறு என்ன மருந்துகள் உட்கொள்கிறீர்கள்?”
தூக்க மாத்திரையோ மதுவோ மார்ஃபினுடன் சேர்ந்தால் மூச்சு மந்தமாகக்கூடும். சிறுநீரகம் பழுதுபட்டவர்களின் உடலில் மருந்து தேங்கும். இவற்றை மறைக்காமல் கூறுங்கள்.

“எந்த நேரங்களில் உட்கொள்கிறீர்கள்?”
சாதாரண மார்ஃபின் மாத்திரையின் பயன் ஏறத்தாழ 4 மணி நேரம் நிற்கும். ஆகவே வலி முற்றும்வரை காத்திராமல், குறித்த நேரத்தில் உட்கொள்ள வேண்டும். நீடித்துச் செயற்படும் மாத்திரையைப் பொடிக்கவோ மெல்லவோ கூடாது. பல மணி நேரத்துக்குரிய மருந்து ஒரே வேளையில் உடலில் கலந்துவிடும். விழுங்க இயலாவிடில் மருந்தாளுநரிடம் சொல்லுங்கள். அவர் மருத்துவருடன் பேசி மாற்று வழி காண்பார்.

“மலச்சிக்கல் உள்ளதா?”
குமட்டலும் தூக்கக் கலக்கமும் பெரும்பாலும் சில நாள்களில் தணியும். மலச்சிக்கல் அவ்வாறு தணிவதில்லை. மலமிளக்கியும் தரப்பட்டிருந்தால் அதை நாள்தோறும் தவறாது உட்கொள்ளுங்கள்.

“மருந்தைக் குறைத்தீர்களா?”
அடிமையாகிவிடுவோம் என்று அஞ்சி, சிலர் தாமாகவே அளவைக் குறைத்து வலியைத் தாங்குகின்றனர். உடல் மருந்துக்குப் பழகுவது வேறு, அடிமையாவது வேறு. பழகிய மருந்தைத் திடீரென நிறுத்தினால் உடல் துன்புறும். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவர் சொற்படியே நிகழட்டும். அச்சம் இருப்பின் மருந்தாளுநரிடம் மனம்விட்டுப் பேசுங்கள்.

“வீட்டில் எங்கே வைக்கிறீர்கள்?”
பூட்டிய பெட்டியில், குழந்தைகளுக்கு எட்டாதவாறு வையுங்கள். ஒருவர்க்குத் தந்ததை மற்றவர்க்குக் கொடாதீர்கள். எஞ்சியதை மருந்தகத்தில் ஒப்படைப்பது குறித்துக் கேளுங்கள்.

நோயாளியை எழுப்ப இயலாவிட்டாலோ, மூச்சு மிக மெதுவானாலோ, அடுத்த வேளை மருந்தைக் கொடாமல் உடனே 108ஐ அழையுங்கள்.

மருந்து உட்கொண்ட நேரத்தையும், வலியின் அளவை 0 முதல் 10 வரையிலான எண்ணாகவும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். அடுத்த முறை மருந்து வாங்க வரும்போது அதை மருந்தாளுநரிடம் காட்டுங்கள். மருந்து போதுமானதா என்பதை அறிய அதுவே அவர்க்குப் பெருந்துணை.