தேய்மானத்தின் காரணம்

பண்டு திருமுதுகுன்றம் என வழங்கிய விருத்தாசலம், பழமலைநாதர் திருக்கோயிலால் பெருமை பெற்றது. பிற்காலத்தில் பீங்கான் தொழிலாலும் பெயர் பெற்றது. அங்கே களிமண், பெல்ஸ்பார், குவார்ட்ஸ் ஆகியவற்றைப் பொடித்துக் கலந்து, பொம்மைகளும் மின்சாதன உறுப்புகளும் வார்த்துச் சூளையிற் சுடுவர். அப்பொடி, அவ்வூரில் ஓடும் மோட்டார் வண்டிகளுக்குப் பகையாவதும் உண்டு.

எண்ணெய் மாற்றுவதற்காக வண்டியொன்று பட்டறைக்கு வருகிறது. பழைய எண்ணெயை விரலிடையே தேய்த்துப் பார்க்கும் தொழிலாளிக்கு அது நறநறவென்றிருக்கிறது. எண்ணெய்ச் செலவும் மிகுந்துள்ளது. புகையும் நீலநிறமாக வருகிறது. பிஸ்டன் வளையங்கள் உரிய காலத்திற்கு முன்பே தேய்ந்துவிட்டன. பழக்கமற்றவன் உடனே புதிய வளையங்களைப் பூட்டி அனுப்பிவிடுவான். சில மாதங்களில் வண்டி அதே நோயுடன் திரும்பி வரும்.

தேர்ந்தவனோ தேய்ந்த இடத்தை நோக்குவான். தூசி காற்றுடன் புகுந்திருந்தால், சிலிண்டரின் மேற்பகுதியும் பிஸ்டனின் முதல் வளையமும் மிகுதியாகத் தேய்ந்திருக்கும். எண்ணெயுடன் கலந்து புகுந்திருந்தால், சுழல்தண்டின் தாங்கிகளே பெரிதும் கீறப்பட்டிருக்கும். வெண்பொடி அனைத்தும் ஒரே தன்மையன அல்ல. மோ அளவையில் சீனக்களிமண்ணின் கடினம் ஏறக்குறைய 2. குவார்ட்ஸின் கடினம் 7. இரும்பையும் கீற வல்லது குவார்ட்ஸே.

எண்ணெயை நிறமாலைச் சோதனைக்கு அனுப்புவதும் உண்டு. அதில் இரும்பு மிகுந்தால் சிலிண்டரையும், செம்பும் ஈயமும் மிகுந்தால் தாங்கிகளையும் ஐயுறுவர். சிலிக்கனும் அலுமினியமும் சேர்ந்து உயர்ந்தால் மண்தூசி என்பர். சிலிக்கன் மட்டும் உயர்ந்தால், இணைப்புகளிற் பூசிய சிலிக்கோன் பசை என்று கருதுவர். ஆனால் குவார்ட்ஸில் அலுமினியம் இல்லை. ஆதலின் பீங்கான் ஊரில் இம்முடிவை விரைந்து கொள்ளலாகாது.

இனி, தூசி புகுந்த வழியைத் தேடவேண்டும். காற்று வடிகட்டி கிழிந்திருக்கலாம். அதனை அடிக்கடி கழற்றித் தட்டுவதும் தீங்கே. சிறிது தூசி படிந்த வடிகட்டி புதியதைவிட நன்றாகவே வடிக்கும். பல வேளைகளில் குற்றம், வடிகட்டியை என்ஜினுடன் இணைக்கும் இரப்பர்க் குழாயில் இருக்கும். அதன் மடிப்பிலுள்ள மயிரிழை வெடிப்பின் வழியே வடிகட்டப்படாத காற்று நேரே உட்புகும். குழாயின் உட்புறத்தை விரலால் தடவினால் வெண்பொடி ஒட்டும். அக்குழாயை மாற்றிய பின்னரே தொழிலாளி புதிய வளையங்களைக் கையில் எடுப்பான்.