இகாரஸைப் பாட்டில் பறக்கவிட

கிரேக்கக் கதையைப் பிள்ளைகளுக்குப் பாட்டாக்குவதென்றால், ஒரே ஒரு காட்சியைப் பிடியுங்கள். எட்டு, பத்து வயதுக்காரர்களுக்கு டெடலஸும் அவர் மகன் இகாரஸும் மெழுகுச் சிறகும் போதும். ரோமக் கவி ஆவிட் தம் ‘மெட்டமார்ஃபசிஸ்’ 8ஆம் நூலில் இதைச் சொல்கிறார்.

அதைப் படித்து, கண்ணில் நிற்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அப்பா சிறகு கட்டும்போது பையன் மெழுகைக் கட்டைவிரலால் பிசைகிறான். காற்றில் பறக்கும் இறகை எட்டிப் பிடிக்கிறான். சிறகை மாட்டிவிடும் கிழவரின் கை நடுங்குகிறது. உழவனும் இடையனும் தூண்டில்காரனும் அண்ணாந்து பார்த்துத் தேவர்கள் என்று நினைக்கிறார்கள். பாட்டுக்குச் சரக்கு இதுதான். காளைத்தலை அரக்கன் மினோட்டார் பிறந்த கதை வேண்டாம். நிலத்தையும் கடலையும் மன்னன் மினோஸ் அடைத்துவிட்டான், வானம் திறந்திருக்கிறது என்று தொடங்கினால் எந்தக் குறையும் தெரியாது.

அடுத்தது சந்தம். கைதட்டிச் சொல்ல நாற்சீர் அடி நல்லது. அப்பாவின் எச்சரிக்கையையே பல்லவியாக்கலாம்:

தாழப் பறந்தால் தண்ணீர் நனைக்கும்
மேலே பறந்தால் மெழுகு உருகும்
நடுவே வாடா, நடுவே வாடா!

இங்கே எதுகை இல்லை, மோனை மட்டுமே. எதுகைக்காக ‘அன்றே, நன்றே’ என்று ஒட்டவைத்தால் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். இகாரஸ், டெடலஸ் போன்ற பெயர்களை அடியின் முதலில் வைக்காதீர்கள்; இணை தேடி அலைய வேண்டிவரும். நடுச்சீரில் அடங்கிவிடும்.

பையன் விழும் இடம்தான் கடினம். அங்கே வர்ணனை கூடாது. அடியைப் பாதியாக வெட்டுங்கள்: ‘இறகு இல்லை. வெறுங்கை.’ ஆவிடிலும் பையன் வெறுங்கையைத்தான் அடிக்கிறான். பிறகு அப்பா, பழைய பல்லவி மெட்டிலேயே, ‘எங்கே போனாய், எங்கே போனாய்?’ என்று கூப்பிடட்டும். மீனவர் காப்பாற்றினார் என்று முடிவை மாற்ற வேண்டாம். ‘அப்பா சொல் கேள்’ என்ற நீதியும் வேண்டாம். குழந்தைக்கு அது முன்பே புரிந்திருக்கும். பையனைப் புதைத்த தீவுக்கு இகாரியா என்று பெயர் வந்ததோடு நிறுத்துங்கள். ஏஜியன் கடலில் இன்றும் இருக்கிற தீவு; வரைபடத்தில் காட்டலாம்.

பெரிய பிள்ளைகளுக்கானால் கவுதாரியையும் சேர்ப்பேன். பொறாமையால் சகோதரி மகனை ஏதென்ஸ் கோட்டைமேலிருந்து தள்ளியவர் இதே டெடலஸ். ஒரு தேவி அவனைக் கவுதாரியாக்கிக் காத்தாள். இகாரஸை அடக்கம் செய்யும்போது அது சிறகடித்துக் குதூகலிக்கிறது.

முடித்த பாட்டை, முன்பு கேட்டிராத ஒரு பிள்ளையிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். நாக்கு தடுக்கும் சீரையெல்லாம் மாற்றுங்கள்.