கோவலனைப் பற்றி எழுதப் போகிறாயா? அக்கா சொல்வதைக் கேட்டுவிட்டு உட்கார்

நாளைக் காலையில் கட்டுரை கொடுக்க வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு வந்து, “அக்கா, கோவலன் நல்லவனா கெட்டவனா?” என்று கேட்கிறாய். கேள்வியே தப்பு. அதைப் பிடித்துக்கொண்டு விடிய விடிய எழுதினாலும் இரண்டு பக்கம் தேறாது. “எங்கெங்கே விசாரிக்காமல் முடிவெடுத்தான்?” என்று கேள். வேலை சீக்கிரம் முடியும்.

1. எந்தக் கோவலன் என்று முதலிலேயே சொல்லிவிடு.
1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையைத் தொடங்கிய சங்கரதாஸ் சுவாமிகளும் கோவலன் கதையை நாடகமாக்கியிருக்கிறார். திருவிழாவில் ராஜபார்ட் பாடிய கோவலனை நினைத்துக்கொண்டு இளங்கோவடிகளின் சிலப்பதிகாரக் கோவலனைப் பற்றி எழுதாதே. மக்கள் வழங்கும் கதையில் ஆடல்மகள் மாதவி வீசிய மாலை அவன் கழுத்தில் வந்து விழும். பழி விதிக்குப் போய்விடும். சிலப்பதிகாரத்தில் மாதவிக்காகக் கூனி ஒருத்தி தெருவில் விற்க நின்ற மாலையை 1008 கழஞ்சு பொன் கொடுத்து இவனே வாங்கி, மாதவி வீட்டுக்குப் போகிறான். இரண்டையும் கலந்தால் முதல் பக்கத்திலேயே மாட்டிக்கொள்வாய். ஒப்பிட்டு எழுதினால் அதுவே நல்ல தொடக்கம்.

2. வயதை மறக்காதே.
கல்யாணத்தின்போது அவனுக்குப் பதினாறு, மனைவி கண்ணகிக்குப் பன்னிரண்டு. அப்பா மாசாத்துவான் பெருவணிகர். சின்ன வயசு, கை நிறையக் காசு. அவனை மன்னிக்கச் சொல்லவில்லை, காரணத்தை எழுதச் சொல்கிறேன்.

3. “பலவீனமானவன், சபலக்காரன்” என்று பட்டம் கட்டாதே.
பட்டத்துக்கு மார்க் கிடையாது. அவன் செய்ததைப் பட்டியல் போடு:
• கடற்கரையில் வேறொருத்தியை நினைப்பவன்போல முதலில் பாடியவன் இவன். மாதவி பதிலுக்கு அப்படியே பாடியதும், ஒரு வார்த்தை கேட்காமல் எழுந்து போய்விட்டான்.
• அவள் அனுப்பிய கடிதத்தை வாங்காமல் திருப்பினான்.
• பெற்றவர்களிடம் சொல்லாமல், விடியும் முன்பே கண்ணகியோடு சொந்த ஊரான புகாரைவிட்டு மதுரைக்குக் கிளம்பினான்.
• மதுரைத் தெருவில் முன்பின் தெரியாத பொற்கொல்லனை நம்பிக் கண்ணகியின் சிலம்பு விலையைப் பேசினான்.
எல்லாவற்றிலும் ஒரே அவசரம். இதுதான் உன் கட்டுரையின் முதுகெலும்பு.

4. நல்லதை விட்டுவிடாதே.
அவசரத்தில் எல்லோரும் விடுவது இதைத்தான். அடைக்கலக் காதையில் மாடலன் என்ற அந்தணர் சொல்வதைப் படி. மதயானையிடம் சிக்கிய முதிய அந்தணரை உயிரைப் பணயம் வைத்து மீட்டவன் இதே கோவலன். ஊரார் துன்பத்துக்கு ஓடிப்போனவனுக்கு, வீட்டில் காத்திருந்தவள் துன்பம் கண்ணில் படவில்லை. இந்த முரண்பாட்டை எழுதாவிட்டால் கட்டுரை பாதிதான்.

5. மாதவி தலையில் பழியைப் போடாதே.
“அவள்தான் கெடுத்தாள்” என்பது திண்ணைப் பேச்சு. மதுரைக்கு வரும் வழியில் கோசிகன் என்ற தூதன் கொண்டுவந்த அவளுடைய இரண்டாவது கடிதத்தைப் படித்ததும், அவள் மேல் குற்றமில்லை, தப்பு தன்னுடையது என்று கோவலனே ஒப்புக்கொண்டான். அவனே விட்ட பழியை நீ ஏன் தூக்கிச் சுமக்கிறாய்?

6. கண்ணகியை “பொறுமையின் சிகரம்” என்று முடிக்காதே.
மதுரையில் அடைக்கலம் தந்த மாதரி வீட்டில் கடைசிச் சாப்பாட்டுக்குப் பிறகு அவன் வருந்திப் பேசுகிறான். நீங்கள் நடந்துகொண்டது பெரியவர்கள் மெச்சும் நடத்தை இல்லை என்று கண்ணகி முகத்துக்கு நேரே சொல்கிறாள். அவன் கேட்டுக்கொள்கிறான். திருந்திய அன்றைக்கே சிலம்போடு போய் வெட்டுப்பட்டும் போகிறான். நேரமே இல்லை என்றால் கொலைக்களக் காதையை மட்டுமாவது மூலத்தில் படித்துவிடு.

7. முடிவுரையில் பாண்டியனைக் கொண்டு வா.
ஒரு பாட்டைக் கேட்டு மாதவியைத் தள்ளினான் கோவலன். ஒரு பொற்கொல்லன் பேச்சைக் கேட்டுக் கோவலனைக் கொல்லச் சொன்னான் மன்னன். விசாரிக்காத குணம் வீட்டில் இருந்தபோது ஒரு குடும்பம் கலைந்தது. அரியணையில் இருந்தபோது மதுரை எரிந்தது. இதைவிட நல்ல முடிவு உனக்குக் கிடைக்காது.

மதுரைப் பழங்காநத்தம் பக்கம் கோவலன் பொட்டல் இருக்கிறது. அவன் வெட்டுப்பட்ட இடம் என்பது ஊர் வழக்கு. கட்டுரையைக் கொடுத்துவிட்டு, திரும்பும் வழியில் ஒரு நிமிஷம் அங்கே நின்றுவிட்டு வா. திருந்திய பிறகு அவனுக்கு ஒரு நாள்கூட மிஞ்சவில்லை என்பது அங்கே நின்றால் உனக்கே உறைக்கும். இப்போது சாப்பிட்டுவிட்டு எழுத உட்கார்.