மாட்டுண்ணியும் உண்ணி ஜுரமும்

மாட்டின் மேலுள்ள உண்ணியைக் கையாற் பிடுங்கி அருகில் எறிந்துவிடுதல் கிராமங்களில் நாடோறும் காணும் காட்சியாகும். அவ்வாறு செய்பவர் மாட்டுக்கு நன்மை செய்துவிட்டதாக எண்ணி மன நிறைவு கொள்கின்றனர். ஆனால் எறியப்பட்ட உண்ணி இரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணியாயின், அது சாவதில்லை. சாணத்தடியிலோ புல்லின் வேரிலோ புகுந்து, 2,000 முதல் 3,000 வரை முட்டைகளையிட்டு, அதன் பின்னரே இறக்கின்றது. ஓர் உண்ணியை மாட்டினின்று நீக்கியவர், சில வாரங்களில் பல்லாயிரம் உண்ணிகளைத் தம் தொழுவத்தில் விதைத்தவராகின்றார். கறவைப் பசுவொன்றை இழந்தால் ஒரு குடும்பத்தின் ஆண்டு வருவாயில் பெரும்பகுதி போய்விடும். ஆதலின், உண்ணியின் வாழ்க்கை முறையையும், அது கொணரும் வியாதிகளையும் குடியானவர்கள் செவ்வையாய் அறிந்திருத்தல் அவசியம். இவ்வறிவு உலகுக்குக் கிடைத்த வரலாறே ஒரு நல்ல பாடமாக இருக்கின்றது.

டெக்ஸாஸ் ஜுரம்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் உள்நாட்டுப் போர் 1865-ஆம் ஆண்டில் முடிவுற்றபின், தெற்கேயுள்ள டெக்ஸாஸ் பிரதேசத்தினின்று பெரும் மாட்டு மந்தைகளை வடக்கே சந்தைகளுக்கு ஓட்டிச்செல்வது வழக்கமாயிற்று. அம்மாடுகள் நல்ல சுகத்துடனேயே இருந்தன. எனினும், அவை நடந்து சென்ற வழியிலும் மேய்ந்த புல்வெளியிலும் பின்னர் மேய்ந்த வடநாட்டு மாடுகள், சில வாரங்கள் சென்றபின் கடும் ஜுரங்கண்டு, மூத்திரம் கருஞ்சிவப்பாய்ப் போக, மெலிந்து, சில நாட்களில் மடிந்தன. 1868-ஆம் ஆண்டில் இல்லினாய்ஸ், இண்டியானா மாநிலங்களில் இவ்வியாதியால் நேர்ந்த சேதம் மிக அதிகம். வடநாட்டுக் குடியானவர்கள் துப்பாக்கியேந்தி நின்று, தென்னாட்டு மந்தைகளை வழிமறித்தனர்.

இவ்வியாதியில் விளங்காத விஷயங்கள் பல இருந்தன. நோயைக் கொணர்ந்த மாடு நோயின்றி இருந்தது. நோயுற்ற மாடோ தன் அண்டையிலுள்ள மாட்டுக்கு நோயைக் கொடுக்கவில்லை. உறைபனி விழத் தொடங்கியதும் வியாதி தானே நின்றது. மந்தை வந்து போன உடனேயன்றி, ஒரு மாதத்திற்கு மேற்பட்டே வியாதி தோன்றியது. மாடு மேய்ப்போர் சிலர், உண்ணியே இதற்குக் காரணம் என்று கூறிவந்தனர். கற்றறிந்தோர் அதனைப் பொருட்படுத்தவில்லை.

மூன்று புலங்களில் செய்த பரிசோதனை

1884-ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசாங்கம் கால்நடைத் தொழில் நிலையம் ஒன்றை ஏற்படுத்திற்று. அதைச் சார்ந்த தியோபால்ட் ஸ்மித் என்னும் நுண்கிருமி ஆராய்ச்சியாளரும், கில்போர்ன் என்னும் கால்நடை வைத்தியரும், கூப்பர் கர்ட்டிஸ் என்பவரும் இவ்வியாதியை ஆராயத் தொடங்கினர். மாடு மேய்ப்போரின் சொல்லை நகையாது, அதனையே பரிசோதனைக்குட்படுத்தியது அவர்களுடைய சிறப்பாகும்.

வாஷிங்டன் நகருக்கு வெளியேயுள்ள பண்ணையில் 1889-ஆம் ஆண்டு முதல் வேலியிட்ட புலங்களில் பரிசோதனைகள் நிகழ்ந்தன. ஒரு புலத்தில் உண்ணிகளோடு கூடிய தென்னாட்டு மாடுகளையும் உள்ளூர் மாடுகளையும் சேர்த்து விட்டனர். மற்றொன்றில், தென்னாட்டு மாடுகளின் உடலிலுள்ள உண்ணிகளை ஒவ்வொன்றாய்க் கையாற் பொறுக்கி நீக்கியபின், உள்ளூர் மாடுகளுடன் சேர்த்தனர். மூன்றாவதில் தென்னாட்டு மாடே இல்லை. உண்ணிகளை மட்டும் புல்லில் தூவி, உள்ளூர் மாடுகளை மேயவிட்டனர். முதற் புலத்திலும் மூன்றாம் புலத்திலும் மாடுகள் ஜுரங்கண்டன. உண்ணி நீக்கிய இரண்டாம் புலத்தில் மாடுகள் சுகமாயிருந்தன. உண்ணியின்றி வியாதியில்லை என்பது இதனால் உறுதிப்பட்டது.

இதனினும் வியப்பான செய்தி 1890-ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. ஆராய்ச்சிசாலையில் முட்டையினின்று பொரித்த, எந்த மாட்டின் இரத்தத்தையும் சுவைத்தறியாத உண்ணிக் குஞ்சுகளை ஓர் இளம் பசுவின்மேல் விட்டபோது, அதற்கும் ஜுரம் கண்டது. அதாவது, தாய் உண்ணி குடித்த இரத்தத்திலுள்ள கிருமி முட்டை வழியே குஞ்சுகளுக்குச் சென்றிருந்தது. மந்தை வந்துபோய்ப் பல நாள் கழித்தே வியாதி தோன்றியதன் காரணமும் இப்போது விளங்கிற்று. உதிர்ந்த உண்ணி கடிப்பதில்லை. அதன் குஞ்சுகள் பொரிந்து, மாட்டின்மேல் ஏறிக் கடிப்பதற்கு அவ்வளவு நாள் வேண்டியிருந்தது.

நோயுற்ற மாட்டின் சிவப்பணுக்களில், பேரிக்காய் வடிவில் பெரும்பாலும் இரண்டிரண்டாய்க் காணப்படும் நுண்கிருமியே இவ்வியாதிக்குக் காரணமென ஸ்மித் கண்டார். ருமேனிய நாட்டில் பாபேஷ் என்பவர் 1888-ஆம் ஆண்டில் இத்தகைய கிருமியை மாட்டின் இரத்தத்தில் முன்னமே கண்டிருந்தமையால், இவ்வினம் அவர் பெயரால் பாபீசியா எனப்படுகின்றது. ஆராய்ச்சி முடிவு 1893-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. இரத்தக் கிருமியொன்றை உண்ணி ஓருயிரினின்று மற்றோருயிர்க்குக் கொண்டுசெல்லும் என்பது அப்போதுதான் முதன்முதலில் நிறுவப்பட்டது. மலேரியாக் கிருமியைக் கொசுவின் உடலில் ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டது, இதற்கு நான்காண்டுகள் கழித்து, 1897-ஆம் ஆண்டிலேயாம்.

உண்ணியின் வாழ்க்கை

இந்நாட்டில் மாடுகளின்மேல் மிகுதியாய்க் காணப்படும் உண்ணி, டெக்ஸாஸ் உண்ணிக்கு நெருங்கிய உறவினதாகும். குஞ்சு, இளம் உண்ணி, முதிர்ந்த உண்ணி ஆகிய மூன்று பருவங்களையும் அது ஒரே மாட்டின்மேல் கழிக்கின்றது. அதற்கு ஏறக்குறைய 21 நாட்கள் ஆகும். கடைசி ஓரிரு நாட்களிலேயே பெண் உண்ணி பெரும்பான்மையான இரத்தத்தைக் குடித்து, ஆமணக்கு விதைபோற் பருத்துக் கீழே விழுகின்றது. வெப்ப காலத்தில் முட்டைகள் சில வாரங்களில் பொரிக்கும். குஞ்சுகள் புல்லின் நுனியிலேறி, மாடு உராயும் வேளையை எதிர்நோக்கியிருக்கும். உணவின்றியே அவை பல வாரங்கள், ஈரமும் குளிர்ச்சியும் உள்ளவிடத்துப் பல மாதங்கள், உயிர் தாங்கியிருக்க வல்லவை.

ஆகவே, மாட்டின்மேல் கண்ணுக்குப் புலப்படும் உண்ணிகள் ஊரிலுள்ள உண்ணிகளிற் சிறு பகுதியே. எஞ்சியவை நிலத்தில் இருக்கின்றன. கோழியும், மாட்டோடு திரியும் உண்ணிக்கொக்கும் ஒரு சிலவற்றைத் தின்னுமாயினும், அவற்றை நம்பியிருத்தல் போதாது.

நாட்கணக்கின் வெற்றி

இவ்வாழ்க்கைக் கணக்கையே ஆயுதமாகக் கொண்டு, 1906-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உண்ணி ஒழிப்பு வேலை தொடங்கிற்று. உண்ணி மாட்டின்மேல் முதிர்வதற்கு 3 வாரங்கள் வேண்டும். 2 வாரங்களுக்கொருமுறை மருந்துநீர்த் தொட்டியில் மாட்டை முழுக்கி யெடுத்தால், எந்தப் பெண் உண்ணியும் முட்டையிடும் பருவத்தை எய்தாது. நிலத்திலுள்ள குஞ்சுகளோ மாட்டின்மேல் ஏறி மடியும், அல்லது ஏறாது பட்டினியால் மடியும். இதுவே அவர்கள் கொண்ட முறை. அக்காலத்தில் தொட்டிகளில் பாஷாணக் கரைசல் உபயோகிக்கப்பட்டது. நஞ்சாதலின் அது பிற்காலத்திற் கைவிடப்பட்டது.

குடியானவர்களில் பலர் இதை எதிர்த்தனர். மாடுகளைத் தொலைவிலிருந்து ஓட்டிவரும் தொல்லையையும், கட்டாயத்தையும் வெறுத்து, சிலவிடங்களில் தொட்டிகளை வெடிவைத்துத் தகர்த்தனர். எனினும் ஒருவர் தம் மாட்டை முழுக்காது விட்டால், அண்டையிலுள்ள பத்துப் பேருடைய உழைப்பும் வீணாகும் என்பதை நாளடைவில் யாவரும் உணர்ந்தனர். 1943-ஆம் ஆண்டில், மெக்சிகோ எல்லையோரமுள்ள குறுகிய காவற் பகுதி நீங்கலாக, நாடு முழுவதும் அவ்வுண்ணியினின்று விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. அக்காவற் பகுதியில் குதிரையேறிய காவலர் இன்றும் எல்லை தாண்டும் மாடுகளைத் தேடி வருகின்றனர்.

இந்நாட்டு நிலைமை

ஆண்டு முழுதும் வெப்பமும், பொது மேய்ச்சலும் உள்ள இந்நாட்டில் உண்ணியை அடியோடு ஒழித்தல் எளிதன்று. ஆயினும் அதைக் குறைத்து, வியாதியைத் தடுத்தல் கூடியதே.

நாட்டு மாடுகள் உண்ணியைப் பெரிதும் தாங்கவல்லவை. அவற்றின் மேல் ஏறும் குஞ்சுகளிற் பல முதிர்வதில்லை. மேலும், கன்றுப் பருவத்திலேயே இலேசாக நோய் கண்டு தேறுவதால், அவை பின்னர் கிருமியை உடலிற் கொண்டிருந்தும் நலமாய் வாழ்கின்றன. டெக்ஸாஸ் மாடுகள் சுகமாயிருந்ததன் காரணத்தில் ஒன்றும் இதுவே. நெல்லூர் முதலிய இந்திய இன மாடுகளை அமெரிக்கர் தருவித்துப் பிராமன் என்னும் இனத்தை உண்டாக்கியதும், வெப்பத்தையும் உண்ணியையும் தாங்கும் இக்குணத்தை நாடியேயாம்.

ஜெர்ஸி, ஹோல்ஸ்டீன் பிரீசியன் கலப்பினப் பசுக்களுக்கு இத்தாங்கும் சக்தி குறைவு. பால் மிகுந்த பசுவுக்கே அபாயமும் மிகுதி. அவற்றுக்கு வரும் மற்றொரு கொடிய வியாதி தைலேரியா ஜுரம். இதனைப் பரப்பும் உண்ணி வேறினம். கால்கள் நீண்டு, வெண்மையும் பழுப்புமாய்ப் பட்டையிட்டிருக்கும். அது தன் பருவங்களை ஒரே மாட்டின்மேற் கழிப்பதில்லை; இடையே இறங்கித் தொழுவத்துச் சுவரின் வெடிப்புகளிலும் கற்சந்துகளிலும் ஒளிந்திருந்து, மீண்டும் ஏறுகின்றது. இளம் பருவத்தில் நோயுற்ற மாட்டைக் கடித்த உண்ணி, அடுத்த பருவத்தில் வேறொரு மாட்டுக்கு நோயைத் தருகின்றது. எனவே, மாட்டுக்கு மட்டும் மருந்திட்டுச் சுவரை விட்டுவிடுதல் பயன்படாது.

வியாதியின் அடையாளங்கள்

பாபீசியாவில் கடும் ஜுரமும், கருஞ்சிவப்பு மூத்திரமும், கண்ணிமையின் உட்புறம் வெளிறுதலும் காணப்படும். தைலேரியாவில் ஜுரத்துடன் தோளின் முன்னும் தொடையின் முன்னும் உள்ள நெறிகள் வீங்கும். மாடு தீனி தின்னாது, பால் வற்றி, மூச்சு வாங்கும். இவ்விரண்டிற்கும் தனித்தனியே ஏற்ற மருந்துகள் உண்டு. ஆனால் ஒன்றின் மருந்து மற்றொன்றைத் தீர்க்காது. ஆதலால், இரத்தத்தைச் சோதித்தறியும் கால்நடை மருத்துவரை முதல் நாளிலேயே அழைத்தல் வேண்டும். தைலேரியாவைத் தடுக்கும் தடுப்பூசியும் இந்நாட்டில் தயாரிக்கப்படுகின்றது. கலப்பினக் கன்றுகளுக்கு அதனை இடுவது குறித்து மருத்துவரைக் கேட்டறிக.

குடியானவர் செய்யவேண்டுவன

1. வாரந்தோறும் காதின் உட்புறம், அலைதாடி, மடி, தொடையிடுக்கு, வாலடி ஆகிய இடங்களைத் தடவிப் பார்த்தல் வேண்டும்.

2. பிடுங்கிய உண்ணியைத் தரையில் எறியலாகாது; மண்ணெண்ணெய் உள்ள கலத்திலிட்டுக் கொல்லுதல் வேண்டும். வெறும் விரலால் நசுக்குதல் தகாது. 2011-ஆம் ஆண்டில் குஜராத்தில் மனிதரைக் கொன்ற கிரிமிய-காங்கோ ஜுரமும் உண்ணியால் பரவுவதேயாகும்.

3. உண்ணி மருந்தை மருத்துவர் கூறிய அளவிற் கலந்து, உடல் முழுதும் படும்படி தெளித்து, 3 வாரம் நிறைவதற்குள் அவர் குறிக்கும் நாளில் மீண்டும் தெளித்தல் வேண்டும். அளவிற் குறைத்துப் பலமுறை தெளிப்பதால், மருந்துக்கு அஞ்சாத உண்ணிகள் பெருகுகின்றன. டெல்டாமெத்ரின், சைப்பர்மெத்ரின் முதலிய மருந்துகளுக்கு மசியாத உண்ணிகள் இந்தியாவிற் பலவிடங்களில் ஏற்கெனவே காணப்பட்டுள்ளன. மருந்திட்டபின் எத்தனை நாள் பாலை விலக்கவேண்டும் என்பதையும் கேட்டறிதல் அவசியம்.

4. பூண்டு, வேப்பிலை, வசம்பு, மஞ்சள், துளசி, உண்ணிச்செடியிலை ஆகியவற்றை அரைத்து வடித்த நீரைத் துணியால் பூசும் வழக்கம், உண்ணி சிறிதளவே உள்ளபோது துணை செய்யும். ஜுரங் கண்டபின் அது சிகிச்சையாகாது.

5. தொழுவத்துச் சுவரின் வெடிப்புகளைப் பூசியடைத்து, சாணத்தையும் கழிதீனியையும் நாடோறும் அகற்றுதல் வேண்டும்.

6. சந்தையில் வாங்கிய மாட்டை, உண்ணி நீக்கி, 3 வாரம் தனியே கட்டியபின் மந்தையிற் சேர்த்தல் வேண்டும்.

கிராம அதிகாரிகளின் கடமை

மேற்கூறியவை யாவும் ஒரு வீட்டில் மட்டும் நடைபெறின், பயன் அவ்வீட்டின் வாயிலோடு நின்றுவிடும். காலையில் மேய்ச்சற் புறம்போக்குக்குச் செல்லும் சுத்தமான பசு, மாலையில் அண்டை வீட்டாரின் உண்ணிக் குஞ்சுகளோடு திரும்புகின்றது. எனவே, ஊராட்சியாரும் கிராம அதிகாரிகளும் கால்நடை மருத்துவரைக் கலந்து, ஊர் மாடுகள் அனைத்துக்கும் ஒரே நாளில் மருந்திடவும், 3 வாரத்திற்குள் மறுமுறை இடவும் ஏற்பாடு செய்தல் வேண்டும். ஏழைகளுடைய ஒற்றை மாடும் கன்றும் இதில் விடுபடலாகாது. விடுபட்ட ஒரு மாடே மற்றெல்லாவற்றுக்கும் விதையாகும். கலவை மிஞ்சிய நீரை ஏரி, குட்டை, வாய்க்காலிற் கொட்டாமற் பார்த்துக்கொள்ளுதல் வேண்டும். ஜுரத்தால் மாடு இறந்தால் உடனே மருந்தகத்துக்குத் தெரிவித்தல் அவசியம்.

வெடிவைத்துத் தொட்டியைத் தகர்த்தவர்களும் இறுதியில் தம் மாடுகளை அத்தொட்டிக்கே ஓட்டிவர நேர்ந்தது. அவர்கள் பல்லாண்டு நஷ்டத்தின்பின் கற்றதை, இங்குள்ளோர் நஷ்டமின்றியே கற்கலாம். ஒரு நாளைக் குறித்து, ஊர் ஒன்றுகூடி, மூன்று வாரக் கணக்கைத் தவறாது காத்தால், அடுத்த மழைக்காலத்தில் தொழுவங்களில் அதன் பயன் தெரியவரும்.