ஏபி நாதனை வகுப்பில் எப்படிச் சொல்வது?

கேள்வி: பாளையங்கோட்டையில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். என் வகுப்பில் மேலப்பாளையத்து முஸ்லிம் பிள்ளைகளும் சர்ச்சுக்குப் போகிற பிள்ளைகளும் சேர்ந்தே உட்காருகிறார்கள். காஸா பேச்சு வந்தால் சூடாகிவிடுகிறது. ஒரு பக்கத்துக்கு இஸ்ரேல் பைபிளில் வரும் நாடு, இன்னொரு பக்கத்துக்குக் குண்டு போடும் நாடு. அரபு – யூத உறவை ஒரு சமாதானக்காரரின் வாழ்க்கை வழியாகச் சொல்லித்தர முடியுமா ஐயா? யாரை எடுக்கலாம்?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: தாராளமாக முடியும் அம்மா. ஏபி நாதனை எடுங்கள். 1927-ல் ஈரானின் அபாதானில் பிறந்து, பம்பாயில் வளர்ந்த யூதர். விமானியானதும் இந்தியாவில்தான்.

1948-ல் இஸ்ரேல் உருவானபோது மூண்ட போருக்குத் தன்னார்வ விமானியாகப் போனார். கலிலேயாவில் அரபுக் கிராமங்கள் மீது குண்டு வீசினார். பிறகு, தான் குண்டு போட்ட இடத்துக்கே போய், கருகிக் கிடந்த உடல்களைப் பார்த்தார். வகுப்பை இந்த இடத்தில் கொஞ்ச நேரம் நிறுத்துங்கள். மேலே இருந்தபோது தெரியாத எது கீழே இறங்கியதும் தெரிந்தது என்று பிள்ளைகளிடமே கேளுங்கள். அவருடைய மிச்ச வாழ்க்கை முழுவதும் இந்தக் கேள்விக்கு அவர் தேடிய பதில்தான் என்பது என் எண்ணம்.

1966 பிப்ரவரி 28 அன்று, வெள்ளை அடித்த சின்ன விமானம் ஒன்றில் தனியாக எகிப்துக்குப் பறந்தார். எகிப்து அதிபர் நாசரைச் சந்தித்து சமாதானம் பேச வேண்டும் என்பது அவர் ஆசை. போர்ட் சயீதில் இறங்கியவரை எகிப்தியர்கள் மரியாதையாக நடத்தினார்கள். நாசரைப் பார்க்க மட்டும் விடாமல் திருப்பி அனுப்பினார்கள். 1973 முதல் கப்பலில் இருந்து ‘சமாதானத்தின் குரல்’ என்று வானொலி நடத்தினார். பாலஸ்தீன விடுதலை இயக்கத்தோடு தொடர்பு வைப்பதை இஸ்ரேல் 1986-ல் சட்டம் போட்டுத் தடுத்தது. நாதன் அது தெரிந்தேதான் அந்த இயக்கத்தின் தலைவர் யாசர் அரஃபாத்தைச் சந்தித்தார். 1989-லும் 1991-லும் சிறைக்குப் போனார். 1993 செப்டம்பரில் இஸ்ரேல் பிரதமர் ராபினே அதே அரஃபாத்தோடு கைகுலுக்கினார். சமாதானம் பேசுகிறவரை முதலில் தண்டிப்பது அவருடைய சொந்த ஜனங்கள்தான். பிள்ளைகளுக்கு இதை மறைக்காதீர்கள்.

ஆனால் நாதனோடு நிறுத்தினால் பாடம் ஒருபக்கமாகிவிடும். அவர் குண்டு போட்டவர். குண்டு விழுந்த வீட்டுக்காரர் இன்னும் பேசவில்லை. 1948 போரில் சுமார் 7 லட்சம் பாலஸ்தீனர்கள் வீடிழந்தார்கள். அதன் பின் வந்த ஆண்டுகளில் இராக், ஏமன், எகிப்து நாடுகளில் தலைமுறைகளாக வாழ்ந்த யூதர்களும் லட்சக்கணக்கில் ஊரை விட்டுப் போக நேர்ந்தது. ஐரோப்பாவில் நாஜிகள் கொன்ற 60 லட்சம் யூதர்களைச் சொல்லாமல், யூதர்கள் ஏன் தனி நாட்டுக்கு அவ்வளவு தவித்தார்கள் என்பதும் விளங்காது.

இன்னொன்று. திருச்செந்தூர் ரயிலில் போகும்போது நாசரேத் ஸ்டேஷனைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். அசல் நாசரேத் இன்று இஸ்ரேலுக்குள் இருக்கும் அரபு நகரம். முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் வாழ்கிறார்கள், இருவருக்கும் தாய்மொழி அரபு. அரபு என்றால் முஸ்லிம் மட்டும் என்ற நினைப்பு உங்கள் வகுப்பில் இரண்டு பக்கமும் இருக்கும். அதை முதல் நாளே கலைத்துவிடுங்கள், பாதிச் சூடு தணியும்.

பாலஸ்தீனரின் குரலுக்கு வெகுதூரம் போக வேண்டாம். இலங்கையின் எம்.ஏ. நுஃமான் பலஸ்தீனக் கவிதைகளைத் தமிழில் தந்திருக்கிறார். நாதனின் கதையைச் சொல்லும் அதே வாரத்தில் அதையும் வகுப்பில் வாசியுங்கள். சர்ச்சுக்குப் போகும் பிள்ளை கவிதையை வாசிக்கட்டும், மேலப்பாளையத்துப் பிள்ளை நாதனின் கதையைச் சொல்லட்டும்.