மகளின் உடல்நலப் பாடம்: மாநிலம் சொல்வதா, ஊர் சொல்வதா?

கேள்வி: நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் குடியிருக்கிறோம். மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். அடுத்த மாதம் பருவமடைதல், இனப்பெருக்கம் பற்றிய பாடம் தொடங்கும் என்று பள்ளியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், "இது மாநிலச் சட்டம், யாராலும் ஒன்றும் செய்ய முடியாது" என்கிறார். இன்னொருவர், "ஸ்கூல் போர்டு நினைத்தால் நிறுத்திவிடும்" என்கிறார். எது சரி? மகளை அந்த வகுப்புக்கு அனுப்பாமல் இருக்கலாமா? நாங்கள் எச்-1பி விசாவில் இருக்கிறோம். போய்க் கேட்டால் ஏதாவது சிக்கல் வருமா?
– ஒரு வாசகி

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஒரு சிக்கலும் வராது. பிள்ளைக்கு என்ன சொல்லித்தருகிறீர்கள் என்று பள்ளியில் கேட்பது பெற்றோரின் உரிமை. அதற்கு யாரும் விசா பார்ப்பதில்லை.

இனி வாட்ஸ்அப் வாதம். இருவர் சொல்வதும் பாதி சரி. ஒரு வகுப்பு முடியும்போது பிள்ளைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை மாநிலக் கல்வி வாரியம் வரையறுக்கிறது. அதை எந்தப் புத்தகத்தை வைத்து, எந்தப் படத்தைக் காட்டி, எத்தனை வகுப்புகளில் நடத்துவது என்பது உங்கள் ஊர் ஸ்கூல் போர்டின் முடிவு. வாஷிங்டனுக்கு இதில் இடமில்லை. மத்தியக் கல்வித் துறையை உருவாக்கிய 1979-ஆம் ஆண்டுச் சட்டமே பாடத்திட்டத்தில் அது தலையிடக் கூடாது என்று சொல்லிவிட்டது.

நியூ ஜெர்சி குடும்ப வாழ்வுக் கல்வியைக் கட்டாயமாக்கியது 1980-இல். இப்போதைய வரையறைகளை மாநில வாரியம் 2020 ஜூனில் ஏற்றது. 2022 செப்டம்பரில் அவை வகுப்பறைக்கு வந்தன. இரண்டு, ஐந்து, எட்டு, பன்னிரண்டு ஆகிய வகுப்புகளின் முடிவில் பிள்ளை எதை அறிந்திருக்க வேண்டும் என்று அவை பேசுகின்றன. இரண்டாம் வகுப்பு முடிவதற்குள் உடல் உறுப்புகளைச் சரியான பெயரால் சொல்லத் தெரிய வேண்டும். ஐந்தாம் வகுப்பு முடிவதற்குள் பருவ வயதில் உடலிலும் மனதிலும் வரும் மாற்றங்கள், அவை ஒவ்வொருவருக்கும் ஏன் முன்பின்னாக வருகின்றன, கரு உண்டாவது எப்படி என்பவை தெரிய வேண்டும். எல்லாம் ஒவ்வொரு வரிதான். அந்த ஒரு வரியைக் கூச்சப்படாமல், வயதுக்கேற்றபடி, ஒரு படம் வரைந்தும் விளக்கலாம். பெற்றோர் முகம் சுளிக்கும்படியும் நடத்தலாம். அதனால்தான் ஊர் எடுக்கும் முடிவுக்கு இவ்வளவு கனம்.

2022 வசந்தத்தில் நியூ ஜெர்சியின் வெஸ்ட்ஃபீல்டில் நடந்ததைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். போர்டு கூட்டத்தில் பகிரப்பட்ட மாதிரிப் பாடங்கள் சிலவற்றைப் பார்த்துப் பெற்றோர் கொதித்தார்கள். அவற்றை நடத்தியே ஆக வேண்டும் என்று மாநிலம் எங்கும் சொல்லவில்லை. அவை வெறும் மாதிரிகள். ஆனால் வரையறை எது, பாடம் எது என்ற வித்தியாசம் கூச்சலில் காணாமல் போய், வரையறைகளை மறுபடி பார்த்து விளக்கம் தரும்படி அப்போதைய ஆளுநர் மர்ஃபி மாநிலக் கல்வித் துறையிடம் சொல்லும் அளவுக்குப் போனது.

நெப்ராஸ்காவில் கதையே வேறு. அங்கே 2021 மார்ச்சில் மாநில வாரியம் உடல்நலக் கல்விக்கு ஒரு வரைவு வெளியிட்டது. அதை ஏற்பதும் விடுவதும் அந்தந்த ஊரின் விருப்பம் என்றுதான் இருந்தது. அப்படியும் எதிர்ப்பு தாங்காமல் செப்டம்பரில் கைவிட்டார்கள். ஆக, அங்கே ஒரு பிள்ளை என்ன கற்கும் என்பது அது எந்த ஊரில் வளர்கிறது என்பதைப் பொறுத்தது.

இதில் நான் மாநிலத்தின் பக்கம். குறைந்தபட்சம் இவ்வளவு எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்தே ஆக வேண்டும் என்று ஒருவர் சொல்லத்தான் வேண்டும். ஒன்பது, பத்து வயதிலேயே சில பெண் குழந்தைகள் வயதுக்கு வந்துவிடுகிறார்கள். நம் வீடுகளில் பந்தல் போட்டு, ஊரைக் கூட்டி மஞ்சள் நீராட்டு நடத்துவோம்; ஆனால் அதற்கு முந்தைய நாள் வரை அந்தக் குழந்தையிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டோம். உடுப்பில் ரத்தத்தைக் கண்டு, தனக்கு ஏதோ நோய் வந்துவிட்டது என்று பள்ளிக் கழிப்பறையில் அழுதுகொண்டு நிற்கும் நிலை எந்தக் குழந்தைக்கும் வரக் கூடாது. யாராவது தகாத இடத்தில் தொட்டால் எங்கே தொட்டார் என்று தெளிவாகச் சொல்லவும் பெயர்கள் தெரிந்திருக்க வேண்டும்.

விலகும் உரிமையும் உங்களுக்கு உண்டு. உடல்நலம், குடும்ப வாழ்வு, பாலியல் கல்வி ஆகியவற்றில் எந்தப் பகுதியாவது உங்கள் மனசாட்சிக்கோ, உண்மையாகக் கடைப்பிடிக்கும் ஒழுக்க, சமய நம்பிக்கைக்கோ முரணானது என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தலைமையாசிரியரிடம் கொடுத்தால், அந்தப் பகுதியிலிருந்து மகளை விடுவிக்க வேண்டும். மதிப்பெண்ணும் தேர்ச்சியும் அதனால் பாதிக்கப்படக் கூடாது. சட்டம் "எந்தப் பகுதியும்" என்று சொல்வதைக் கவனியுங்கள். முழுப் பாடத்தையும் வெட்டவேண்டியதில்லை.

அதனால் கடிதம் எழுதுவதற்கு முன் ஆசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். எந்தத் தேதியில் எந்தப் பாடம், என்ன வீடியோ, என்ன ஒர்க்‌ஷீட் என்று கேட்டு வாங்கி, கணவரும் நீங்களும் உட்கார்ந்து பாருங்கள். பார்த்த பிறகும் ஒன்று ஒப்பவில்லை என்றால் அந்த ஒன்றின் பெயரை மட்டும் எழுதி விலக்கு கேளுங்கள். பருவமடைதல் வகுப்பில் மட்டும் அவள் கட்டாயம் இருக்கட்டும். அங்கே ஆசிரியரிடம் கேட்காததை ஸ்கூல் பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பிள்ளை சொல்லிக் கேட்பாள். அது எப்படித் திரிந்து வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஸ்கூல் போர்டு தேர்தலில் வாக்களிக்கவோ நிற்கவோ குடியுரிமை வேண்டும். ஆனால் போர்டு கூட்டத்தில் பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்கியே ஆக வேண்டும் என்பது சட்டம். பெயரையும் ஊரையும் சொல்லிவிட்டு மைக்கில் பேசலாம். கிடைப்பது சில நிமிடங்கள்தான். எழுதி வைத்துக்கொண்டு போங்கள். அடுத்த மாதப் பாடம் ஏற்கெனவே முடிவானது. ஆறாம் வகுப்புப் பாடத்திட்டத்தைப் போர்டு எந்தக் கூட்டத்தில் எடுக்கிறது என்று இப்போதே விசாரித்து, அந்தத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.